வெட்டிய கிளையின் உயிர்

வாடாத, நோயுறாத, எவருக்கும் இடையூறாக இல்லாத ஒரு பச்சைக் கிளையை, அது உயிருள்ள செடியின் உறுப்பென்று நன்றாக அறிந்திருந்தும், கத்தரியை எடுத்து வெட்டுகின்றவன் எந்த உரிமையால் அதைச் செய்கின்றான்? ரோஜாச் செடி வளர்க்கும் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எழ வேண்டிய கேள்வி இது. மாமரத்தையோ தென்னையையோ வளர்ப்பவர்களுக்கு இக்கேள்வி இத்தனை கூர்மையாக எழுவதில்லை; அவற்றிடமிருந்து நாம் பெறுவன பெரும்பாலும் அவை தாமே முற்றி உதிர்க்கக் காத்திருப்பவை. ரோஜாப் புதரின் நிலை வேறு. ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட நாட்களில், சென்ற பருவத்தில் ஓங்கி வளர்ந்த கிளைகளை ஏறக்குறையப் பாதி நீளத்துக்குக் குறைத்துவிட வேண்டும் என்பது நம் சமவெளித் தோட்டங்களில் வழங்கும் முறை. அவ்வேலைக்குக் கவாத்து என்று பெயர். இலையும் பூவுமாய்ப் பொலிந்த புதர் ஒரு காலைப் பொழுதுக்குள் முள்ளும் குச்சியுமாய் நிற்பதைக் காண்பவர் மனம் நோவர். ஒன்றரை மாதம் சென்று அதே புதர் மொட்டு விட்டு நிற்கும்போது அந்த நோவை மறந்துவிடுவர். மறந்தமையால் கேள்வி தீர்ந்துவிட்டதாகாது. அது நம்மை எவ்வளவு தூரம் இட்டுச் செல்கின்றதோ அவ்வளவு தூரம் சென்று பார்ப்பது தகும் என்று எண்ணுகின்றேன்.

எட்வர்டு ரோஜா என்று நம் பூந்தோட்டங்களில் வழங்கும் செடியை எடுத்துக்கொள்வோம். பலர் இதையே பன்னீர் ரோஜா என்பர். ஆழ்ந்த இளஞ்சிவப்பு நிறமும், பூக்கடையைக் கடந்து செல்பவரையும் நிறுத்தும் மணமும், ஒட்டுச் செடிகளுக்கு இல்லாத உடற்கட்டும் உடையது. உதிரிப்பூவாகச் சந்தைக்கு வந்து, கோயில் மாலைகளிலும், தர்காக்களில் போர்த்தும் மலர்ப் போர்வைகளிலும், மணவறையிலும், இறுதி ஊர்வலத்திலும் இடம் பெறுவது. இதன் பிறப்பு இந்நாட்டில் நிகழ்ந்ததன்று. இந்து மகா சமுத்திரத்தில், இன்று ரெயூனியன் என்று வழங்கும் தீவு அந்நாளில் பூர்போன் எனப்பட்டது. அங்குக் குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரர் தம் நிலங்களுக்கு வேலியாக இருவகை ரோஜாக்களை நட்டிருந்தனர்: ஒன்று மேற்காசிய மரபில் வந்த டமாஸ்க் ரோஜா, மற்றொன்று சீனத்திலிருந்து வந்த, பருவம் பாராமல் பூக்கும் ரோஜா. 1817-ஆம் ஆண்டளவில், இவ்விரண்டின் குணங்களும் கலந்த ஒரு செடி அவ்வேலிகளிடையே தானாக முளைத்திருந்ததைப் பிரேயோன் என்னும் தாவரவியலார் கண்டு, அதன் வழித்தோன்றல்களைப் பிரான்சு தேசத்துக்கும் அனுப்பினார் என்றும், அச்செடி நின்ற நிலத்துக்கு உரியவரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று என்றும் ரோஜாக்களின் வரலாறு எழுதியோர் கூறுவர். நம் எட்வர்டு ரோஜா அந்தத் தீவுச் செடியின் வழி வந்ததென்று கொள்கின்றனர்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்தகைய கலப்பினத்தின் விதையை ஊன்றினால் தாயை அப்படியே ஒத்த செடி முளைப்பதில்லை. தாயின் நிறமும் மணமும் மாறாமல் வேண்டுமாயின் அதன் கிளையைத்தான் வெட்டி நட வேண்டும். ஆகவே, வேலியோரத்தில் தற்செயலாக முளைத்த ஒரு செடியின் கிளையையும், பின்னர் அக்கிளை வளர்ந்து விட்ட கிளையையும், அதன் கிளையையும் பெயர் அறியாத எத்தனையோ கைகள் வெட்டி வெட்டி இரண்டு நூற்றாண்டுக் காலம் கைமாற்றிக்கொண்டே வந்ததனால்தான் அவ்வினம் நம் முற்றத்தில் நிற்கின்றது. கத்தி படாமல் அதை வணங்கி மட்டும் விட்டிருந்தால், அந்த ஒரு செடியோடு அந்த மணமும் மண்ணுக்குள் போயிருக்கும். வெட்டுதல் என்னும் செயலைப் பொதுவாகக் கொடுமை என்று தள்ளிவிட முடியாமைக்கு இது முதற்காரணம்.

ஆயினும் அதனை அன்பென்று கொண்டாடிவிடவும் முடியாது. கவாத்துக்கு வருவோம். புதரின் வெளிப்புறத்தை நோக்கியிருக்கும் ஒரு கண்ணை, அதாவது தளிர் புறப்படும் மொட்டைத் தேர்ந்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, மழைநீர் கண்ணின்மேல் தேங்காமல் மறுபுறம் வழியுமாறு சரிவாக வெட்டுவது முறை. கத்தரி மழுங்கியிருந்தால் பட்டை நசுங்கும். நசுங்கிய இடத்தில் பூசணம் புகுந்து, நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும் நுனிக்கருகல் பற்றும். அதனால்தான் வெட்டிய முகங்களில் போர்டோ பசை தடவுகின்றனர். நல்ல வெட்டு ஒன்றின் முகத்தை உற்றுப் பார்த்தால், நடுவே வெண்மையான சோறும், அதைச் சூழ வெளிறிய கட்டையும், அதற்கும் பட்டைக்கும் இடையே நகத்தின் கனம்கூட இல்லாத ஈரமான பசிய வளையமும் தெரியும். சோறு பழுப்பாக இருந்தால் அக்கிளை உள்ளே செத்துக்கொண்டிருக்கின்றது என்று அறிந்து, வெண்மை காணும் வரை இறங்கி வெட்டிச் செல்ல வேண்டும். கிளை பருப்பதும், புண் ஆறுவதும், வேர் விடுவதும் அந்தப் பசிய வளையத்தை ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்கினால் நடைபெறுவன.

உலர்ந்ததையும், நோயுற்றதையும், ஒன்றோடொன்று உராய்ந்து புண்ணாகும் குறுக்குக் கிளைகளையும் நீக்குவது செடிக்குச் செய்யும் உதவியே; அதில் தர்க்கம் இல்லை. நலமாக இருக்கும் கிளையைப் பாதியாகக் குறைப்பதோ அவ்வாறன்று. கிளையின் நுனி அங்கிருக்கும் வரையில், அது சுரந்து கீழே அனுப்பும் ஒரு வளரூக்கி பக்கத்துக் கண்களை உறங்க வைக்கின்றது. நுனி வெட்டுண்டதும் அத்தடை நீங்கி, உறங்கிய கண்கள் பல விழித்துப் பல தளிர்களாகின்றன. ரோஜா புதுத்தளிரின் முடிவிலேயே மலர்வதாதலால், தளிர் பலவானால் மலரும் பலவாகின்றது. மலரை வேண்டுவது நாம். கவாத்து முழுவதும் செடியின் நன்மைக்கே என்று தோட்டக்கலை நூல்கள் எழுதுவது முழு உண்மை அன்று. கவனிப்பாரற்ற பழைய கல்லறைத் தோட்டங்களில், எவர் கையும் படாமல், நாட்டு ரோஜாப் புதர்கள் பல்லாண்டுகள் உயிரோடு நிற்பதுண்டு. அவற்றின் பூ சிறுத்திருக்கும். புதர் அடர்ந்து கலைந்திருக்கும். ஆனால் அவை வாழ்கின்றன. ஆகவே நம் விருப்பத்துக்காக ஓர் உயிரின் உறுப்பைக் களைகின்றோம் என்று நேர்மையாக ஒப்புக்கொண்ட பிறகே இவ்விசாரணையில் மேலே செல்ல இயலும்.

செடிக்கு உயிர் உண்டென்பதில் நம் முன்னோருக்குப் பெரும்பாலும் ஐயம் இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களில் வைத்தது. தொடுதலால் அறிவது அவ்வறிவு. மனு ஸ்மிருதி தாவரங்களை விதையால் முளைப்பன, வெட்டிய கிளையால் முளைப்பன என்று இருவகையாகக் கூறி, அவை உள்ளே உணர்வுடையன, சுகமும் துக்கமும் அறிவன என்றும் சொல்கின்றது. சமணரின் ஆசாராங்க சூத்திரம் மனித உடலையும் செடியையும் அருகருகே நிறுத்தி, இரண்டும் பிறக்கின்றன, வளர்கின்றன, உணவை நாடுகின்றன, வெட்டுண்டால் வாடுகின்றன என்று காட்டிச் செல்லும் பகுதி இன்று படிப்பவரையும் நடுங்கச் செய்வது. புத்தர் காலத்துத் துறவிகளுக்கோ செடிகொடிகளை அழித்தல் விநயம் என்னும் ஒழுக்க விதிகளில் குற்றம். அக்குற்றத்தை விளக்கும்போது, வேரால், தண்டால், கணுவால், நுனிக்கொழுந்தால், விதையால் என ஐந்து வழியில் தாவரம் பெருகும் என்று அவர்கள் வகுத்துரைத்தது, கிளை நட்டுச் செடியாக்கும் கலையை எத்துணை நுணுக்கமாக அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். பின்னாளில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் தாமே அமைத்த கருவிகளால், தாவரத் திசுக்கள் தூண்டுதலுக்கு மறுமொழி தருவதை அளந்து காட்டினார். அம்மறுமொழி நோவுதானா என்பதைக் கருவி சொல்லாது. அது தத்துவத்துக்கு உரிய கேள்வியாகவே நிற்கின்றது.

ஆயின் பௌத்தர்களுள் தர்க்கம் வல்லோர் செடிக்குச் சைதன்யம் உண்டென்பதை ஏற்கவில்லை. ஏழாம் நூற்றாண்டினரான தர்மகீர்த்தி தம் நியாயபிந்துவில், மரங்கள் உணர்வுடையன, ஏனெனில் பட்டை முழுவதையும் உரித்தால் அவை இறக்கின்றன என்று திகம்பர சமணர் கூறும் ஏதுவை எடுத்துக்கொண்டு, அது எதிர்வாதிக்குச் சித்தியாகாத ஏது என்று தள்ளுகின்றார். பௌத்தன் மரணம் என்று சொல்வது விஞ்ஞானமும் இந்திரியங்களும் ஆயுளும் ஒடுங்குவதை. அது மரத்தில் உண்டென்று முதலில் நிறுவாமல், மரம் இறந்தது என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்பது அவர் தடை. தர்க்க முறைக்குள் இத்தடை வலியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இவ்வாதத்தைப் படிக்கும்போதெல்லாம், பதியன் போடுகின்ற தோட்டக்காரர் எவராவது அவ்வாதம் நிகழ்ந்த சபையில் இருந்திருந்தால் வாதம் வேறு திசையில் போயிருக்குமே என்று எனக்குத் தோன்றும். பென்சில் பருமனுள்ள ஒரு ரோஜாக் கிளையில், ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்தெடுத்து, அவ்விடத்தில் ஈரமான பாசியையோ தென்னை நார்க்கழிவையோ வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டிவிடுவது பதியனின் ஒரு முறை. பட்டையை இழந்த கிளை சாவதில்லை, வாடுவதுகூட இல்லை. வேர் உறிஞ்சிய நீர் உட்கட்டையின் வழியே மேலேறுகின்றதாதலால் இலைகள் பசுமை குன்றாமல் நிற்கின்றன. இலைகள் சமைத்த உணவும், நுனி அனுப்பும் வளரூக்கியும் பட்டையின் வழியே இறங்கி வந்து, பாதை அறுபட்டதனால் வளையத்தின் மேல் விளிம்பில் தேங்குகின்றன. தேங்கிய அவ்விளிம்பு சில வாரங்களில் தடிக்கின்றது. தடிப்பிலிருந்து வெண்ணிறமான வேர்கள் புறப்படுகின்றன. திகம்பரர் சாவுக்குச் சான்றாகக் காட்டிய அதே செயல் இங்கே பிறப்புக்குக் காரணமாகின்றது. முழுவதும் உரித்தால் சாவு. ஓரிடத்தில் மட்டும் அளவறிந்து உரித்தால் பிறப்பு. உணர்வு உண்டா இல்லையா என்பதை இது தீர்க்காமல் போகலாம். ஆனால், அறுக்கப்பட்ட இடத்திலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தேடுகின்ற ஒன்றை, வெறும் சடம் என்று ஒதுக்க என் மனம் துணியவில்லை.

சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாம் பிரபாடகத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு ஒரு பெரிய மரத்தைக் காட்டிப் போதிக்கும் பகுதி இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும். அடியில் வெட்டினாலும், நடுவில் வெட்டினாலும், நுனியில் வெட்டினாலும் அம்மரம் சாறு கசியுமேயன்றி உயிரோடிருக்கும். ஜீவனால் நிறைந்து, நீரைப் பருகி, மகிழ்ந்து நிற்கும். ஜீவன் ஒரு கிளையை விட்டால் அக்கிளை உலரும், முழு மரத்தையும் விட்டால் முழு மரமும் உலரும். உயிர் நீங்கியதே சாகின்றதன்றி உயிர் சாவதில்லை என்பது அவ்வுபதேசத்தின் சாரம். இதற்குக் கண்கண்ட சான்று போன்றது ஒன்றுண்டு. ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் நகரத்துப் பேராலயத்தின் சுவரைப் பற்றி ஒரு காட்டு ரோஜாப் புதர் நிற்கின்றது. ஆயிரம் ஆண்டு ரோஜா என்று அதை அழைப்பர். 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விழுந்த குண்டுகளால் ஆலயம் இடிந்து எரிந்தபோது அப்புதரும் கரிந்துபோயிற்று. இடிபாட்டுக்கு அடியில் வேர் மட்டும் பிழைத்திருந்து, அவ்வாண்டின் வசந்தத்திலேயே புதிய தளிர்களை விட்டது. நகரமே சாம்பலாய்க் கிடந்த நாளில் அத்தளிர்களைக் கண்ட மக்கள் என்ன நினைத்திருப்பர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உத்தாலகர் காட்டிய மரமும் இப்புதரும் ஒரே செய்தியையே சொல்கின்றன: உயிர் எங்கே தங்கியிருக்கின்றது என்பது உறுப்புகளைப் பார்த்து அறியக்கூடியதன்று.

இவ்வளவில் ஒரு சிக்கல் நேர்கின்றது. ரோஜா வளர்ப்பவனை அது விடாமல் பற்றும். ஜீவன் விட்ட கிளை உலர்கின்றது என்றார் உத்தாலகர். வெட்டி எடுத்து மணலில் ஊன்றிய கிளையோ உலராமல் இன்னொரு செடியாகின்றதே. அதிலுள்ள ஜீவன் எது? தாயின் ஜீவன் இரண்டாகப் பிளந்ததா? பிளவுபடக்கூடியது ஆன்மா அன்று என்பதில் வைதிக தரிசனங்கள் எல்லாம் உடன்படுகின்றன. ஜீவனை அணு என்று கொள்ளும் ராமானுஜ சித்தாந்தத்திலோ அணு ஒரு பகுதியில் மட்டுமே இருக்க இயலும். ஆன்மாவை வியாபகம் என்னும் சைவ சித்தாந்தத்திலும் ஓர் ஆன்மா இரண்டு உடல்களில் இரண்டு வினைகளை ஒரே வேளையில் நுகர்வதாகக் கொள்வது அரிது. அத்வைதிக்கு இதில் இடர் இல்லை. உள்ளது ஒன்றே, உபாதிகள் பல என்று அவர் அமைதியாகக் கூறிவிடுவார். ஆயினும் தாய்ச்செடி பட்டுப்போன நாளில் அதன் கிளையால் வந்த செடி அடுத்த வீட்டில் பூத்துக் குலுங்குகின்றதே என்று கேட்டால், வியவகாரத்தில், அதாவது நடைமுறை உலகில், அவ்விரண்டும் வேறென்று அவரும் ஒப்புக்கொண்டாக வேண்டும். சமணர், வேர், தண்டு, இலை என ஒவ்வொன்றிலும் தனித்தனி ஜீவன்கள் உறைகின்றன என்று கணக்கிட்டு இச்சிக்கலைத் தவிர்த்தனர். அவ்விடையின் துணிவு வியக்கத்தக்கதேயாயினும், ஒரு கண் விழிக்கும்போது மற்றொன்று உறங்குமாறு புதர் முழுவதையும் ஒருங்கே நடத்தும் அந்த ஒருமையை அது எவ்வாறு விளக்கும் என்பது தெளிவாகவில்லை.

நட்ட கிளையை நாள்தோறும் நோக்கி வருபவருக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஊன்றிய இரண்டு மூன்று வாரங்களில், சில சமயம் அதற்கும் முன்பே, குச்சியின் மேற்கண்களிலிருந்து செந்தளிர் தலைகாட்டும். பிழைத்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வர். மண்ணை விலக்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேரும் இராது. குச்சி தன்னுள் சேர்த்து வைத்திருந்த உணவைக் கொண்டு விட்ட தளிர் அது. வேர் பிறக்குமுன் அவ்வுணவு தீர்ந்தால், தளிர் ஒரே நாளில் தொங்கிக் கருகிவிடும். வேர் பிறந்துவிட்டாலோ, அதற்குமுன் இருந்த தளிருக்கும் பின் வந்த தளிருக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இந்த இடைக்காலத்தில் அக்குச்சி தாயினுடைய உறுப்பா, தனி உயிரா, அல்லது சாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு துண்டா? மனிதக் கருவைப் பற்றியும் நம்மவர் இதே கேள்வியை எழுப்பி, கர்ப்போபநிஷத்தில் ஏழாம் மாதத்தில் ஜீவன் சேர்வதாகக் கூறினர். குச்சிக்கு அத்தகைய எல்லை எதையும் எந்த நூலும் வகுக்கவில்லை.

என் தீர்ப்பு சைவ சித்தாந்தத்தின் பக்கம் சாய்கின்றது. தோட்டக்காரன் உயிரைப் பிளப்பதுமில்லை, படைப்பதுமில்லை. ஓர் உயிர் வந்து தங்குதற்கு ஏற்ற உடல் ஒன்றை ஆயத்தம் செய்து தருகின்றான். அதில் வந்து தங்குவது தன் வினையோடு வருகின்ற வேறோர் உயிர். ஒரே புதரில், ஒரே காலையில், ஒரே கத்தரியால் வெட்டிய கிளைகளுள் ஒன்று வேர் விட்டு மணம் பரப்புவதும், அதனருகே நட்ட மற்றொன்று காரணம் தெரியாமல் கறுத்துப் போவதும் இக்கொள்கைக்கு இசைகின்றன. உடலின் வார்ப்பு ஒன்றாயிருந்தும் ஊழ் ஒன்றாக இல்லை. பூர்போன் தீவின் வேலியிலிருந்து நம் முற்றம் வரை நிறமும் மணமும் மாறாமல் வந்தது ஒரு வடிவம். அவ்வடிவத்தில் குடியிருந்து வெயிலையும் மழையையும் அனுபவித்துச் சென்ற உயிர்களோ எண்ணிறந்தன. இவ்வாறு கொண்டால், ஒவ்வொரு செடியும் தன் அளவில் தனிப் பொறுப்பாகின்றது. இவ்வினம் உலகில் ஏராளமாக இருக்கின்றதே, ஒன்று போனால் என்ன என்று கூறும் வாய் அடைபட்டுவிடுகின்றது.

அப்படியானால் வெட்டலாமா? பூவைப் பறிப்பதிலேயே நம் பக்தி மரபில் இருவேறு நெஞ்சங்களைக் காண்கின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துத் தினமும் மலர் கொய்து மாலை கட்டிய பெரியாழ்வார் ஒருபுறம். மலரைப் பறிக்கப் போய் அதனுள்ளே இறைவனையே கண்டு கை நின்றுவிட்ட தாயுமானவர் மறுபுறம். இருவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது அறியாமை. ஆனால் தாயுமானவர் நிலை துறவியின் நிலை. இல்லறத்தான் அதைச் சொல்லளவில் கடன் வாங்கிப் பேசுதல் தகாது. சமணரும், துறவிக்குச் செடியைத் தீண்டலாகாது என விதித்துவிட்டு, இல்லறத்தானுக்கு இயங்கும் உயிர்களைக் கொல்லாமையையும், நிலைத்த உயிர்களிடத்தில் வீணான ஹிம்சை செய்யாமையையும் மட்டுமே விரதமாக்கினர். வீண் என்னும் அச்சொல்லில்தான் தோட்டத்தின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

மனு ஸ்மிருதி இல்லறத்தானுடைய வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டென்கின்றது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல் உலக்கை, தண்ணீர்க் குடம். இவை இன்றி வாழ முடியாது. இவற்றால் உயிர்கள் அழியாமலும் இரா. அப்பாவத்துக்குக் கழுவாயாகவே நாள்தோறும் ஐந்து யக்ஞங்கள் விதிக்கப்பட்டன. பிழையற்ற வாழ்வு உனக்கு வாய்க்காது. ஆனால் வாங்கியதைத் திருப்பித் தரும் வாழ்வு வாய்க்கும் என்று அது கூறுவதாக நான் கொள்கின்றேன். அதே நூலின் பிராயச்சித்தப் பகுதி, கனிதரும் மரம், புதர், கொடி, பூத்த செடி ஆகியவற்றை வெட்டினால் நூறு ரிக்குகளை ஜபிக்க வேண்டும் என்கின்றது. புதரை வெட்டுவதும் கணக்கில் வைக்கத்தக்க செயல் என்று அந்நாளிலேயே நினைத்திருக்கின்றனர். கவாத்துக் கத்தரியை ஆறாவது கொலைக்களம் என்று ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதற்குரிய கழுவாயை ஜபத்தில் தேட வேண்டியதில்லை. வெட்டுண்ட கிளையிலேயே அது இருக்கின்றது. அறுத்த ஆட்டை மீண்டும் ஆடாக்க எந்தக் கருணையாலும் இயலாது. அறுத்த ரோஜாக் கிளையோ, மண்ணும் நீரும் நிழலும் கிடைத்தால், இன்னோர் உயிருக்கு வீடாகும் ஆற்றலோடு நம் கையிலேயே இருக்கின்றது. அதைக் குப்பையில் எறிவதுதான் பாவம்.

வெட்டிய செடிக்கும் தீர்க்க வேண்டிய கடன் உண்டு. கவாத்தான பின் அடிமண்ணைக் கொத்தி, நன்கு மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் இட்டு, தளிர் பிடிக்கும் வரை மண் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்வதைப் பலர் உரச் செலவு என்று நினைக்கின்றனர். நான் அதை வட்டியில்லாமல் அசலைத் திருப்புதல் என்பேன். புதுத்தளிரில் இலைப்பேனும், இலையில் கரும்புள்ளியும் வந்துவிட்டனவா என்று காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் கண்ணும் இக்கடனைச் சேர்ந்ததே. அதற்கு நேரம் இல்லாதவர் அவ்வாண்டு கவாத்துச் செய்யாமல், உலர்ந்ததை மட்டும் நீக்கிவிட்டுச் செடியை அதன் போக்கில் விட்டுவிடுதல் நேர்மை. பூ குறையும், குறையட்டும்.

இவ்வாண்டு கவாத்துச் செய்யப் போகின்ற ஒவ்வொருவரிடமும் ஒன்றை வேண்டுகின்றேன். நாட்டு ரோஜாப் புதரிலிருந்து விழும் கிளைகளுள் பென்சில் பருமனுள்ள, முற்றியும் பச்சை மாறாத பகுதிகளைத் தேர்ந்து, முக்கால் அடி நீளத்தில், நான்கு கணுக்களாவது இருக்குமாறு நறுக்குங்கள். அடிவெட்டு ஒரு கணுவை ஒட்டி அதன் கீழே இருக்கட்டும். கீழ் இலைகளைக் களைந்து, மணலும் செம்மண்ணும் கலந்த தொட்டியில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு ஊன்றி, காய்ந்துபோகாதிருக்க மேல்நுனியில் சிறிது சாணத்தை அப்பி, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். முதல் தளிரைக் கண்டு இடம் மாற்றாதீர்கள். இரண்டு மாதமாவது அசைக்காமல் விடுங்கள். பிழைத்தவற்றுள் உங்களுக்கு ஒன்று போதும். மற்றவற்றை அண்டை வீட்டாருக்கும் ஊர்க்கோயில் நந்தவனத்துக்கும் கொடுங்கள். இடமும் தொட்டியும் இல்லாதவர்கள் வெட்டிய கிளைகளை அன்றே அவை உள்ளவர்களிடம் சேர்த்துவிடலாம்; ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் ஒரு நாள் வரை வாடாமல் இருக்கும்.